பழைய வளவு வீட்டில் இசைத்தட்டா, டிஜிட்டலா: எது மெய்யாக ஒலிக்கும்?

தேவகோட்டைப் பக்கம் தம் பூர்விக வளவு வீட்டை, அதாவது நடுவே முற்றம் வைத்துக் கட்டிய செட்டிநாட்டு வீட்டை, பழுதுபார்த்து வரும் ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். அவருடைய ஐயா, அதாவது அப்பச்சியின் (தந்தையின்) தகப்பனார், சேர்த்து வைத்த இருநூறுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள் பெட்டகத்தில் கிடைத்திருக்கின்றன. பாதி நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள், மீதி மெதுவாகச் சுழன்று நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டுகள். பாட்டுக் கேட்பதற்கென்று வீட்டில் ஓர் இடம் அமைக்க ஒன்றரை லட்ச ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். கடைக்காரர் ஒருவர், "டிஜிட்டல் என்பது துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய ஒலி, இசைத்தட்டில்தான் முழு ஒலி இருக்கிறது" என்று சொல்லி, முழுத் தொகையையும் ரெக்கார்ட் பிளேயரில் போடச் சொன்னாராம். வீட்டில் கேட்கும்போது மெய்யான இசைக்கு எது அருகில் நிற்கும் என்பது அவர் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒலியலையை மாற்றாமல் காத்துத் திருப்பித் தருவது எந்த ஊடகம் என்பது ஒன்று. அந்த வீட்டில், அந்தச் சுவர்களுக்கு நடுவே, வாசிப்பவர் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றச் செய்வது எது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு உறுதியான விடை உண்டு. இரண்டாவதன் விடை இந்த இரண்டு ஊடகங்களையும் விட்டு வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

காரைக்குடியில் வால்வு ரேடியோ பழுதுபார்ப்பதில் தொடங்கியவன் நான். பிறகு சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒன்பது ஆண்டுகள் உதவியாளனாக இருந்தேன். ஊர் திரும்பிய பின், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழைய தட்டுகளையும் நாடாக்களையும் கணினிக்கு மாற்றித் தரும் வேலையைச் செய்து வருகிறேன். வயது அறுபதை நெருங்குகிறது. 12,000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 12,000 அதிர்வுக்கு, மேல் எனக்குக் கேட்பதில்லை என்று காது சோதனையில் தெரிந்தது. ஆகையால் மிக உயர்ந்த அதிர்வெண்களைப் பற்றி என் காதைச் சாட்சிக்கு அழைக்க மாட்டேன். அங்கே அளவீடுகளை மட்டுமே நம்புவேன். உங்கள் அறையையும் நான் நேரில் கேட்டதில்லை. இந்த இரண்டு குறைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கடைக்காரரின் பேச்சிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நல்ல காதுள்ளவர்களும் அதை நம்புகிறார்கள். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில், நொடிக்கு 44,100 முறை ஒலியலையின் உயரம் அளக்கப்பட்டு, 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. இதைக் கேட்டவுடன் படிக்கட்டுப் போன்ற ஓர் அலைதான் கண்முன் வரும். ஆனால் ஸ்பீக்கருக்குப் போவது படிக்கட்டு அன்று. வாசலில் போடும் கம்பிக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். வைத்த புள்ளிகள் மட்டும் கோலம் ஆவதில்லை. கம்பி எப்படி வளைய வேண்டும் என்ற விதியும் சேர்ந்தால்தான் கோலம். டிஜிட்டலில் அந்த விதி, நொடிக்கு எத்தனை புள்ளிகள் வைக்கிறோமோ அதில் பாதியைத் தாண்டிய அதிர்வெண் எதுவும் அலைக்குள் இருக்கக் கூடாது என்பது. அந்த விதிக்கு உட்பட்டு, அந்தப் புள்ளிகள் அத்தனையின் வழியாகவும் செல்லக்கூடிய கோடு ஒன்றே ஒன்றுதான். பொறியாளர் ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் எழுதியவற்றிலிருந்து வளர்ந்து, கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949-இல் தெளிவாக நிறுவிய கணக்கு இது. 44,100-இல் பாதி 22,050. இளம் காது கேட்கும் எல்லையோ ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். இரண்டு புள்ளிகளுக்கு இடையே விழும் தவில் அடி தொலைந்துபோகும் என்பதும் தவறு. அந்த அடி எந்த நேரத்தில் விழுந்தது என்பது சுற்றியுள்ள புள்ளிகளின் உயரங்களிலேயே பதிந்திருக்கிறது, கோடு திரும்ப வரையப்படும்போது அது தன் இடத்திலேயே வந்து நிற்கும். உயரங்களைப் படிகளாக முழுமையாக்குவதில் வரும் சிறு பிழை ஒன்றுதான் மிச்சம். மிக மெல்லிய இரைச்சலை வேண்டுமென்றே கலப்பதன் மூலம் அந்தப் பிழை சீரான ஒரு சீறலாக மாற்றப்படுகிறது; அது உச்ச ஒலியைவிட 90 டெசிபலுக்கும் அதிகமாகத் தாழ்ந்து கிடக்கும் (டெசிபல் என்பது ஒலியின் உரப்பை ஒப்பிடும் அலகு).

இசைத்தட்டின் எல்லைகள் இவற்றைவிட மிகக் குறுகியவை. நன்றாக அச்சான எல்.பி. தட்டில் உரத்த ஒலிக்கும் தட்டின் சொந்த இரைச்சலுக்கும் இடையே 60 முதல் 70 டெசிபல் இடைவெளி கிடைக்கும். இடது, வலது ஒலிகள் ஒன்றில் ஒன்று கசியும் அளவு, நல்ல முள்ளிலும் 25 அல்லது 30 டெசிபல் கீழேதான் இருக்கும். டிஜிட்டலில் கசிவே இல்லை என்று சொல்லிவிடலாம். கனத்த ஒலிகள், அதாவது தாழ்ந்த அதிர்வெண் கொண்டவை, முள் ஓடும் பள்ளத்தை அகலமாக்கிவிடும் என்பதால், வெட்டும்போது அவற்றைக் குறைத்து, கேட்கும்போது ஆம்பிளிபயரில் அதே அளவு கூட்ட வேண்டியிருக்கிறது. இதற்கான பொது அளவுகோல் 1954-இல்தான் அமெரிக்காவில் நிலைபெற்றது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில் சுற்றினாலும், வெளி ஓரத்தில் முள்ளுக்கு அடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது, உள்ளே முடியுமிடத்தில் 21 சென்டிமீட்டர்தான். ஒரே ஓசை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கப்படுகிறது. கச்சேரித் தட்டில் துரிதமும் உச்சஸ்தாயியும் பக்கத்தின் கடைசியில் வந்து விழும்போது குரல் கரகரப்பதற்கு இதுவே காரணம். பாடகரின் மேல் குறை இல்லை.

நம் இசையைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது சுருதி. தட்டின் நடுத்துளை அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தால், முள் நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும்போது, ஒலியின் சுருதி ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது 1.8 நொடிக்கு ஒரு முறை, அரை சதவீதம் ஏறி அரை சதவீதம் இறங்கும். ஒரு சுவரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தில் இது பன்னிரண்டில் ஒரு பங்கு. வேகமான சினிமாப் பாட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள். நாகஸ்வரத்தில் ஒரு நீண்ட கார்வை நிற்கும்போதோ தம்புரா தனியாக ஒலிக்கும்போதோ, அந்த அசைவு கூர்ந்த காதுக்குப் பட்டுவிடும். வேகம் மொத்தமாகத் தவறுவதும் உண்டு. நம் பகுதியில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பிளேயர்கள் இன்றும் பல வீடுகளில் கிடக்கின்றன. அமெரிக்க மின்சாரமான 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டாரை நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் தட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவதாகக் கேட்கும். அப்படிப்பட்ட ஒரு பிளேயரில் பல ஆண்டுகள் கேட்டுப் பழகிய ஒரு குடும்பத்தார், நான் சரியான வேகத்தில் மாற்றிக் கொடுத்தபோது, "இது அவர் குரல் இல்லை" என்று சொல்லி வருந்தினார்கள். பழகிய ஒலியையே நாம் மெய்யான ஒலி என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதை அன்று நேரில் கண்டேன்.

ஊடகத்தைப் பற்றிய வழக்கை என் மனத்தில் முடித்து வைத்தது ஒரு சோதனை. நல்ல நிலையிலுள்ள எல்.பி. தட்டு ஒன்றை நொடிக்கு 44,100 புள்ளிகள், 16 பிட் (65,536 படிகள்) என்ற சாதாரணக் குறுந்தகட்டு அளவிலேயே பதிந்துகொண்டேன். பிறகு தட்டையும் பதிவையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, இரண்டின் உரப்பையும் மீட்டர் வைத்து ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்குக்குள் சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று தெரியாதபடி வேறொருவரை மாற்றிவிடச் சொன்னேன். நானும், தட்டுகளோடு வாழ்ந்த இரண்டு பெரியவர்களும், தட்டைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தட்டின் 'கனிவு' என்று எதைச் சொல்கிறோமோ அது அப்படியே டிஜிட்டல் பதிவுக்குள் வந்துவிட்டது. மூன்று பேர் ஒரு மாலையில் செய்ததை ஆய்வு என்று சொல்லமாட்டேன். ஆனால் அது காட்டும் திசை தெளிவு: டிஜிட்டல் தட்டின் ஒலியைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும், டிஜிட்டல் பதிவைத் தட்டில் வெட்டினால் அது வேறொன்றாகத்தான் வெளிவரும். அப்படியானால் அந்தக் கனிவு தட்டு சேர்க்கும் ஒன்றே. முள்ளும் வால்வும் உண்டாக்கும் மேல்ஸ்தாயித் துணை ஒலிகள், மெல்லிய பின்னணி இரைச்சல், இடதும் வலதும் சற்றுக் கலப்பது ஆகியவை சேர்ந்து காதுக்கு இதமாக இருக்கின்றன. அந்த இதத்தை விரும்புவதில் எந்தத் தவறும் இல்லை, எனக்கும் அது பிடிக்கும். பாடியவர் முன் இருந்த மைக் கேட்டது அது அன்று என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருந்தும், பழைய தட்டு புதிய டிஜிட்டல் பதிப்பைவிட உயிரோடு ஒலிக்கிறது என்று சொல்பவர்கள் பல நேரங்களில் உண்மையைத்தான் சொல்கிறார்கள். காரணம் வேறு. தொண்ணூறுகள் முதல், தன் பாட்டு மற்ற எல்லாப் பாட்டையும்விட உரக்கக் கேட்க வேண்டும் என்பதற்காக, மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை நசுக்கிப் பதிப்பிக்கும் வழக்கம் பரவியது. பழைய தமிழ்ப் பாடல்களைப் 'புதுப்பிக்கிறேன்' என்று இரைச்சலை அளவுக்கு மீறித் துடைத்து, எதிரொலியைக் கூட்டி வெளியிட்டவையும் இருக்கின்றன. அந்தக் கெடுதல் பதிப்பித்தவரின் கையால் நேர்ந்தது. எண்களால் நேர்ந்தது அன்று. எண்பதுகளில் வந்த குறுந்தகடுகளில் சில, தட்டுக்கென்று தயாரித்த நாடாவிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டுக் கூர்மையாகக் கேட்டதும் உண்மை. கைப்பேசியிலிருந்து ப்ளூடூத் வழியாகச் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு அதை 'டிஜிட்டல் ஒலி' என்று தீர்ப்பளிப்பதோ, கூம்பு ஒலிபெருக்கியைக் கேட்டுவிட்டு நாகஸ்வரத்தைப் பற்றித் தீர்ப்பளிப்பது போன்றது. இன்னொரு செய்தியும் இங்கே பொருந்தும். முழுக்க அனலாக் வழியில், அதாவது எங்கும் எண்களாக மாற்றாமல், தயாரானவை என்று கேட்போர் கொண்டாடிய அமெரிக்க மறுபதிப்புத் தட்டுகள் பலவற்றில் நடுவே ஒரு டிஜிட்டல் படி இருந்தது 2022-இல் வெளியே வந்தது. பல ஆண்டுகள் அவற்றைப் புகழ்ந்தவர்கள் யாரும் காதால் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

ஐயத்துக்கு இடமுள்ள பகுதி ஒன்று உண்டு. குறுந்தகட்டைவிட நுண்ணிய அளவுகளில் பதிந்த ஒலி மேலும் மெய்யாக இருக்குமா என்பது அது. மேயர், மோரன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2007-இல் வெளியிட்ட சோதனையில், உயர்நுண்மை ஒலிக்கும் அதையே குறுந்தகட்டு அளவுக்கு இறக்கிய ஒலிக்கும் இடையே 554 முறை கேட்டுப் பிரிக்கச் சொன்னபோது, 276 முறை விடை சரியாக இருந்தது. காசைச் சுண்டினாலும் அதுதான் கிடைக்கும். ஆய்வாளர் ஜோஷுவா ரைஸ் 2016-இல் பதினெட்டு சோதனைகளைத் தொகுத்து, 12,500-க்கும் மேற்பட்ட முயற்சிகளில் 52.3 சதவீதம் சரி என்று கண்டார். அது தற்செயலைச் சற்றே தாண்டியதுதான், ஆனால் தாண்டியது. ஆகவே வேறுபாடே இல்லை என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். உங்கள் பணத்தை அதில் போடத் தக்க அளவுக்கு இல்லை என்று மட்டும் சொல்வேன்.

இனி வீட்டைப் பற்றிப் பேசலாம். அளவுகளை அடுக்கிப் பார்த்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும். சாதாரண விலை டிஜிட்டல் கருவியும் கேட்கும் எல்லை முழுவதிலும் அரை டெசிபல்கூட ஏறி இறங்காது. நல்ல ஸ்பீக்கர் மூன்று டெசிபல் ஏறி இறங்கும். அறை, கனத்த ஒலிகளில், பத்து டெசிபலுக்கும் மேல் ஏற்றும், இறக்கும். செட்டிநாட்டு வீட்டில் இது இன்னும் கடுமை. ஆத்தங்குடிக் கல் தரை, முட்டைப் பூச்சில் கண்ணாடிபோல் இழைத்த சுவர், பர்மா தேக்கு மேல்கூரை ஆகிய எதுவும் ஒலியை விழுங்குவதில்லை. விழுவதில் நூற்றுக்கு மூன்று பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக் கணக்கிடலாம். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள ஒரு கல்யாணக் கொட்டகையை, அதாவது விசேஷங்கள் நடக்கும் பெரிய கூடத்தை, கதவடைத்துக் கைதட்டினால், அந்த ஒலி முற்றும் அடங்க ஏறத்தாழ 6 நொடி ஆகும். முற்றத்தின் பக்கம் 10 சதுர மீட்டர் திறப்பு இருந்தால் அது 3 நொடியாகும். பாட்டுக் கேட்கும் அறைக்கு வேண்டியது அரை நொடி. ஒலி அடங்க மூன்று நொடி ஆகும் இடத்தில், பாடகர் ஒரு சொல்லை உச்சரித்து முடித்து அடுத்த வரிக்குப் போன பின்னும் முதல் சொல் சுவர்களில் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே எந்த முள்ளாலும் எந்த எண்ணாலும் மெய்யான ஒலியைத் தர முடியாது.

இந்தக் கணக்கைத் தந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சாபைன். 1895-இல் பேச்சு விளங்காத ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து, அறையின் கனஅளவையும் விழுங்கும் பரப்பையும் இணைக்கும் வாய்பாட்டைக் கண்டார். மருந்து நம் வீடுகளிலும் இருக்கிறது. விசேஷங்களுக்குச் சேர்த்து வைத்த மெத்தைகளும் ஜமக்காளங்களும் மாடியில் அடுக்கிக் கிடக்காத வளவு வீடு குறைவு. ஆகையால் முற்றத்தைச் சுற்றிய வளவிலோ கொட்டகையிலோ ஸ்பீக்கர் வைக்காதீர்கள். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள அறை வெறுமையாக இருக்கும்போது ஏறத்தாழ 3.6 நொடி ஒலிக்கும். நாலு விரற்கடைக்குக் குறையாத கனமுள்ள பஞ்சு மெத்தைகள் ஆறும், புத்தக அலமாரி ஒன்றும், கட்டிலும் சேர்ந்தால் அது 0.7 நொடிக்கு வந்துவிடும். நீங்கள் உட்காருமிடத்துக்குப் பின்சுவரிலும், ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே பக்கச் சுவர்களிலும் மெத்தைகளை நிறுத்துங்கள். ஜமக்காளம் மட்டும் போதாது. மெல்லிய துணி உயர்ந்த ஒலியை மட்டும் குடித்துவிட்டுக் கனத்த ஒலியை அப்படியே விட்டுவிடும், அறை மந்தமாகக் கேட்கும்.

கனத்த ஒலியில் இன்னொரு சிக்கல் உண்டு. 5 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்கள் நம் வெயிலில் 35 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒலியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளிநாட்டுப் பத்திரிகைகளின் அறிவுரை மெல்லிய பலகைச் சுவர் வீடுகளுக்கு எழுதியது. அந்தச் சுவர்கள் கனத்த ஒலியில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடும். நம் சுண்ணாம்புக் காரைச் சுவர் ஒன்றும் விடாது. அதனால் கனத்த ஒலிக்கென்றே உள்ள பெரிய சப்வூபர் ஸ்பீக்கர் வாங்காதீர்கள். ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலிருந்து ஒரு மீட்டராவது முன்னே கொண்டுவந்து, தவிலின் தொப்பி அடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும் வரை நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். செலவில்லாத இந்த ஒரு மாலை வேலை, கடைக்காரர் சொன்ன பிளேயரைவிட அதிகம் தரும்.

உங்கள் ஐயாவின் தட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இதுவரை எழுதியதை அவற்றைத் தூக்கிப் போடச் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரே படத் தொழிலுக்கு வருமுன் காரைக்குடியில் தகப்பனாரின் கடையில் இசைத்தட்டு விற்றவர்தான். பிறகு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஒடியன் நிறுவனத்தின் தட்டுகளைப் பரப்பினார். அந்தக் காலத்துத் தட்டுகள் சிலவற்றுக்கு வேறு பதிப்பே கிடையாது. அங்கே 'எது மெய்' என்ற கேள்விக்கே இடமில்லை, அந்தத் தட்டு ஒன்றுதான் இருக்கிறது. 1956-இல் மறைந்த திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தை ஸ்டீரியோ எல்.பி. தட்டில் தேடினால் கிடைக்காது, அவர் காலம் அதற்கு முந்தியது. அத்தகைய ஒற்றைத் தட (மோனோ) பதிவுகளை இரண்டு ஸ்பீக்கரில் பரப்புவதைவிட ஒற்றை ஸ்பீக்கரில் கேளுங்கள். வாசிப்பவர் ஓரிடத்தில் நிலையாக உட்காருவார்.

78 தட்டுக்கும் எல்.பி. தட்டுக்கும் ஒரே முள்ளைப் பயன்படுத்தாதீர்கள். முன்னதன் பள்ளத்துக்கு 75 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) முனை வேண்டும், பின்னதற்கு 18 மைக்ரான். சாவி கொடுக்கும் பழைய கிராமபோனில் எல்.பி. தட்டை ஒரு முறைகூட வைக்கக் கூடாது. அதன் கனத்த தலை பள்ளத்தை உழுதுவிடும். 78 தட்டுகள் அரக்கில் செய்தவை, ஸ்பிரிட் பட்டால் கரையும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி மென்மையான சோப்புக் கரைசல் விட்டு, மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். மேல்மாடி ஓட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் எல்.பி. தட்டு வளைந்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள்.

பணத்தை நான் பிரிப்பதானால், எண்பதாயிரத்தை ஸ்பீக்கர்களுக்கும், முப்பதாயிரத்தை டிஜிட்டல் உள்ளீடு கொண்ட ஆம்பிளிபயருக்கும், முப்பதாயிரத்தை 33⅓, 45, 78 ஆகிய மூன்று வேகமும் உள்ள பிளேயருக்கும் இரண்டு முள்ளுக்கும், மீதியை மெத்தை உறைக்கும் திரைச்சீலைக்கும் வைப்பேன். அந்தப் பிளேயரில் ஒவ்வொரு தட்டையும் நன்றாகச் சுத்தம் செய்து ஒரே ஒரு முறை கவனமாகப் பதிந்துகொள்ளுங்கள். அன்றாடம் கேட்பதற்குப் பதிவு போதும், விரும்பும் நாளில் தட்டையே வைத்துக் கேளுங்கள். எதையும் வாங்குவதற்கு முன், அறையில் மெத்தைகளை நிறுத்திவிட்டு நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஒலி சட்டென்று அடங்கவில்லை என்றால், அறையின் அளவுகளையும் கதவு சன்னல்களின் அளவுகளையும் இங்கே எழுதுங்கள். எத்தனை மெத்தை போதும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.